தப்பாச் சொல்லிட்டேன்

ராஜபாளையத்தில், எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் ஃப்ளெக்ஸ் கடைக்கு நான் வேலை கேட்டுப் போன அன்று, உட்காரக்கூட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டாள். நான் கொண்டுபோயிருந்த டிசைன்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் தள்ளிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் மெதுவாப் பேசுது. நம்ம ஊர்ல ஃப்ளெக்ஸ்னா சத்தம் போடணும். நீ சரிப்பட மாட்டே" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது.

"ஏட்டி, நேத்து தப்பாச் சொல்லிட்டேன். நீ செஞ்சிருந்தேல்ல ஒரு கண்ணீர் அஞ்சலி, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. செத்துப்போனவங்களுக்கு எதுக்குச் சத்தம்? கெளம்பி வா."

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் தப்பாச் சொல்லிட்டேன் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. வேலை கொடுக்கிறவர், வேலை கேட்டு வந்தவளிடம் சொல்வது அதைவிட அதிசயம். அடுத்த பஸ்ஸிலேயே ராஜபாளையத்துக்குக் கிளம்பினேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். எனக்கும் அவளுக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். கணவர் ராணுவத்தில் இருந்தார், லீவு கிடைக்கும்போது வருவார். கடை, மெசின், வாடிக்கையாளர், சண்டை எல்லாம் அவள் பாடு. ஊரில் நடப்பது அத்தனையும் முதலில் எங்கள் மானிட்டரில்தான் வந்து நிற்கும். காலையில் ஒரு தலைவரின் பிறந்தநாள். மதியம் ஒரு நடிகரின் புதுப்படம். சாயங்காலம் பட்டுப்பாவாடையில் சடங்கான பிள்ளை ஒருத்தி. இடையில் எப்படியும் யாராவது இறந்துபோயிருப்பார்கள். தலைவருக்கும் நடிகருக்கும் அந்தப் பிள்ளைக்கும் பின்னால் ஒரே நீல வானத்தைத்தான் போடுவோம். இறந்தவருக்கு மட்டும் மேகத்தைக் கொஞ்சம் கூட்டுவோம்.

இப்படிப்பட்ட கடையில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். எல்லாக் கட்சிக்காரர்களும் வருகிற இடம். எல்லா நடிகர்களின் ரசிகர்களும் வருகிற இடம். அக்காவோ எல்லாவற்றைப் பற்றியும் கருத்து வைத்திருப்பாள், அதை உரக்கச் சொல்வாள். அது பெரிய விஷயமில்லை. நம் ஊரில் யாருக்குத்தான் கருத்து இல்லை? ஆனால் கருத்து மாறினால் அதையும் அதே சத்தத்தில் சொல்வாள். மனதுக்குள் மாற்றிக்கொண்டு ஒன்றும் நடக்காதது மாதிரி இருக்க அவளுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அவளுக்குப் பிடித்த நடிகர் ஒருவர் இருந்தார். அவருடைய படம் ஒன்று வந்தபோது முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "விட்றாதீங்க, கண்டிப்பாப் பாருங்க" என்றாள். அவள் பேச்சை நம்பிப் பலர் குடும்பத்தோடு போனார்கள். அடுத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறை பார்த்தாள். இடைவேளைக்குப் பிறகு அவள் விசில் அடிக்கவில்லை. மறுநாள் வெற்றி விழா ஃப்ளெக்ஸுக்கு வந்த ரசிகர் மன்றத்துப் பையன்களிடம் சொல்லிவிட்டாள்.

"ஏலே, அந்தப் படத்தப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். மொத நாள் அவரப் பாத்த சந்தோசத்துல படத்தப் பாக்கவே இல்ல. நேத்துதான் பாத்தேன். பாதிக்கு மேல ஒண்ணுமில்ல."

"என்னக்கா நீங்களே இப்படிப் பேசுதீக? எதிர் ரசிகன் கேட்டா என்ன சொல்லுவான்?"

"அவரப் பிடிக்கும்லே. சாகுற வரைக்கும் பிடிக்கும். அதுக்காகப் படம் நல்லாருக்குன்னு சொல்லணுமா?"

ஃப்ளெக்ஸில் "மாபெரும் வெற்றி" என்று இருந்ததை அவள் மாற்றவில்லை. அது அவர்கள் கருத்து. ஆனால் அவள் பேச்சைக் கேட்டுப் படத்துக்குப் போனவர்கள் கடைப் பக்கம் வந்தபோதெல்லாம் கூப்பிட்டு வைத்து வருத்தம் தெரிவித்தாள். பாதிப் பேருக்கு அந்தப் படம் பிடித்திருந்தது, அதனால் அவர்கள் வேறு சண்டைக்கு வந்தார்கள்.

டிவியில் சில பேரை ஒரே வீட்டுக்குள் அடைத்துவைத்து வாரம் ஒருவரை வெளியே அனுப்பும் நிகழ்ச்சி ஒன்று வருமே, அதை அவள் ஒரு நாள் விடாமல் பார்ப்பாள். திங்கள்கிழமை ஒருத்தியைத் திட்டித் தீர்ப்பாள். வியாழக்கிழமை அவளுக்கே போனில் ஓட்டுப் போடுவாள். என்னக்கா இது என்று நான் சிரித்தால், "அவ அன்னைக்கு அழுதது நடிப்புன்னு நெனச்சேன். இல்லட்டி, நெசமாவே வயித்துவலி. இந்த ஓட்டுல ஒரு வசதி பாத்தியா, வாரா வாரம் மாத்திக்கலாம். அந்த ஓட்டுக்குத்தான் அஞ்சு வருசம் காத்துக் கெடக்கணும்" என்பாள்.

கணவரோடு போனில் நடக்கும் சண்டைகளும் எங்களுக்குத் தெரிந்துதான் நடக்கும். வேலை ஓடிக்கொண்டிருப்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். மகனை டாக்டருக்குப் படிக்கக் கோச்சிங் சேர்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. அவன் விருப்பத்துக்கு விடு என்பது அவர் கட்சி. பல வாரம் அந்தச் சண்டை நடந்தது. ஒரு நாள், கல்யாண ஃப்ளெக்ஸுக்கு வந்த இரண்டு குடும்பம் நின்றுகொண்டிருக்கும்போதே போனை எடுத்து, "நீங்க சொன்னதுதான் சரி. நான் அவன்கிட்ட உக்காந்து பேசினேன். அவனுக்கு அதுல மனசே இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது: "சிக்னல் சரியில்ல. கடைசியாச் சொன்னத இன்னொருக்கச் சொல்லு." கடையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.

என் அப்பாவிடம் இதையெல்லாம் கதை மாதிரி சொல்வேன். அப்பா சிரிக்க மாட்டார். அவர் வாழ்நாள் முழுக்க ஒரே சின்னத்தில் குத்தியவர். "பேச்சு நெலையில்லாத பொம்பள. நீ பாத்து இருந்துக்க" என்பார். நான் அதை மறுத்துப் பேசியதில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது யோசிப்பேன். நேற்றுவரை ஒரு கட்சியைத் திட்டிய தலைவர் இன்று அதே கட்சியில் சேர்ந்தால் அவருக்கு நாங்கள் நான்கு ரோட்டிலும் வரவேற்பு ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். அவர் எங்கேயும் நான் முன்பு சொன்னது தப்பு என்று சொல்வதில்லை. காலத்தின் கட்டாயம் என்பார். எழுத்துப்பிழை இல்லாமல் அதை நான்தான் டைப் அடித்திருக்கிறேன். அவரை யாரும் நிலையில்லாதவர் என்பதில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டு மாறுகிறவளுக்குத்தான் அந்தப் பெயர்.

அக்காவின் வீடு ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அவளுடைய சொந்த அண்ணன் அங்கே ஒரு கட்சியின் வார்டு செயலாளர். பேரூராட்சித் தேர்தலில் அந்த வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, அண்ணன் தன் நண்பரின் மனைவியை நிறுத்தினார். போட்டோ எடுப்பதற்காக அந்தப் பெண் கணவரோடு எங்கள் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். கணவர்தான் பேசினார். ஃப்ளெக்ஸில் தன் படம் மனைவியின் படத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்றார்.

"ஓட்டு உங்களுக்கா அவளுக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"எனக்காகத்தான போடுவாக" என்று அவர் சிரித்தார். அவர் வெளியே போன் பேசப் போன நேரத்தில் அந்தப் பெண் மெல்ல, "எனக்குப் பேச வராதுக்கா. ஆனா யாரு வந்து என்ன சொன்னாலும் பொறுமையாக் கேப்பேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் அக்கா விழுந்துவிட்டாள். அதுவரை அண்ணன் கெஞ்சியும் பிரச்சாரத்துக்குப் போகாதவள், இந்த முறை தானாகவே தெருத் தெருவாகப் போனாள். கட்சியைப் பற்றிப் பேசவில்லை. "நான் சொல்லுதேன், நல்ல பிள்ள. நம்பிப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் ஜெயித்துக் கவுன்சிலர் ஆனாள்.

அடுத்து வந்த ஐப்பசி மழையில், அக்கா ஓட்டுக் கேட்டுப் போன தெரு ஒன்றுக்குள் தண்ணீர் புகுந்தது. தெருவின் பின்பக்கம் மழைத் தண்ணீர் போகிற ஓடை ஒன்று இருந்தது. புதிதாக வந்த கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று மண்ணைக் கொட்டி அதை மூடியிருந்தார்கள். கவுன்சிலரின் கணவர் பக்கத்தில் நின்று மூடவைத்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கடைசி வீடு சுப்புத்தாயுடையது. அவளுடைய மகள் பிரசவம் ஆகி வந்திருந்தாள். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்க, பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். விஷயம் கேட்டு அக்கா ஓடிப்போனபோது சுப்புத்தாய் சத்தம் போடவில்லை. "நீ சொன்னேன்னுதான தாயி போட்டேன்" என்று மட்டும் சொன்னாளாம்.

அன்று மதியம் கடையில் அக்கா சாப்பாட்டைத் திறந்து அப்படியே மூடி வைத்தாள். மறுநாள் மூன்று மணிக்கே கடையைச் சாத்திவிட்டு, "வாரியா?" என்று என்னைக் கேட்டாள். எங்கே என்று தெரியாமலே போனேன்.

ஓட்டுக் கேட்டுப் போன அதே வீடுகளுக்கு அவள் மறுபடி போனாள். ஒவ்வொரு வாசலிலும் கைகூப்பி நின்றாள். "அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓட்டுக் கேட்டு வந்தேன்ல. தப்பாச் சொல்லிட்டேன். அவ நமக்கு ஆக மாட்டா. என்னைய நம்பிப் போட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க." சில பேர் சங்கடப்பட்டு உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒருவர், "அடுத்த வாட்டி எதிர்க்கட்சியில நிக்கப் போறியோ?" என்று கேட்டார். ஒரு வீட்டு மாடியிலிருந்து யாரோ போனில் படம் எடுத்தது எனக்குத் தெரிந்தது. அவளிடம் சொன்னேன். "எடுத்துட்டுப் போறான்" என்றாள்.

இரண்டு நாளில் அந்த வீடியோ வாட்ஸப்பில் எங்கும் போய்விட்டது. பிறகு அதிலிருந்து யாரோ ஸ்டிக்கர் செய்துவிட்டார்கள். கைகூப்பிய அக்கா, கீழே பெரிய எழுத்தில் "தப்பாச் சொல்லிட்டேன்". கணக்குத் தப்பினவன், பஸ்ஸைத் தவறவிட்டவன், கிரிக்கெட்டில் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டித் தோற்றவன், எல்லோரும் அதை அனுப்பினார்கள். என் அப்பாவுக்குக்கூட வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எழுத்துக்கு மஞ்சள் கலர் குடுத்திருக்கலாம்" என்றாள்.

அண்ணன் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"குடும்ப மானத்தச் சந்தியில நிறுத்திட்டியே."

"ஓட்டுக் கேட்டு வாசல் வாசலா நின்னப்போ போகாத மானம், உள்ளதச் சொன்னா போயிருமாண்ணே?"

"உனக்கு ஒரு வருத்தம்னா எங்கிட்டச் சொல்லணும். ஊருக்கு எதுக்குச் சொன்னே?"

"ஊருக்குத்தான அன்னைக்கு நல்ல பிள்ளன்னு சொன்னேன். உங்ககிட்டயா சொன்னேன்?"

அவர் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது. கட்சிக்காரர்களின் வேலை எல்லாம் வேறு கடைக்குப் போனது. அதைவிட அவளுக்கு வலித்தது வேறொன்று. அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பிள்ளையைத் தூக்கி வளர்த்த அத்தை அவள். மண்டபத்து வாசல் ஃப்ளெக்ஸில் சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன் என்று தூரத்துச் சொந்தம்வரை படம் இருந்தது, அத்தை படம் இல்லை. அக்கா சீர்த்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பிள்ளையை ஆசீர்வாதம் செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டே வந்தாள்.

அந்தக் கவுன்சிலர் பெண் எங்கள் கடைக்கு மறுபடி வந்தது அதற்குப் பிறகுதான். நல்ல வெயில் நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா மானிட்டரை விட்டுத் திரும்பவில்லை.

"அந்த ஓடைய மூடுனது எனக்குத் தெரியாதுக்கா. கவுன்சில் கூட்டத்துக்கு எங்க வீட்டுக்காரர்தான் போவாக. நான் வெளிய காருல உக்காந்திருப்பேன், இல்லன்னா வீட்ல இருப்பேன். தண்ணி வந்த பொறவுதான் எனக்கே தெரியும்."

"அப்ப எதுக்கு நின்னே?"

"நிக்கச் சொன்னாக, நின்னேன்."

அக்கா இப்போது திரும்பினாள். "உன்னைய ஆகாதவன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிருக்கேன், தெரியும்ல?"

"தெரியும். ஸ்டிக்கர் எனக்கும் வந்துச்சு." அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. "சுப்புத்தாய் சித்தி வீட்டுக் கைக்கொழந்தையப் பாக்கப் போகணும்னு நெனைக்கேன்கா. தெருவுக்குள்ள கால் வைக்கக் கூச்சமா இருக்கு."

அக்கா மெசினை நிறுத்தினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, வேண்டாம்" என்றேன். "இன்னொரு தடவை போனீங்கன்னா நம்மள யாரும் ஆளாவே மதிக்க மாட்டாங்க."

"அதுக்காக, தப்புன்னு தெரிஞ்ச பொறவும் இவளப் பத்தி நான் சொன்னது அப்படியே கெடக்கட்டுமா?"

அந்தப் பெண்ணும் பயந்துபோய், விட்டுவிடுங்கள் என்று கையைப் பிடித்தாள். அக்கா விடவில்லை. "நீயும் வா. நீ பேச வேண்டாம். எம்பின்னால நில்லு."

அன்று தெரு சிரித்தது. நாங்கள் வருவதைப் பார்த்ததுமே வாசலில் நின்றவர்கள் அடுத்த வீட்டைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு பெண் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவைப் பார்த்தும் அக்கா சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். "ஓடைய மூடுனது இவ இல்ல. மூடுனது தெரியாம வீட்ல உக்காந்திருந்ததுதான் இவ தப்பு. அதுக்கு மேல நான் சொன்னதெல்லாம் என் தப்பு." ஒரு வார்த்தையை இவ்வளவு சுத்தமாக அளந்து சொல்ல வேண்டுமா, ஊர் அவ்வளவு கவனமாகவா கேட்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் சுப்புத்தாய் வீடு. அவள் சிரிக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. பேரனை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"ஏத்தா, மொத வாட்டி நல்ல பிள்ளன்னே. போட்டோம். ரெண்டாவது வாட்டி ஆகாதவன்னே. சரின்னோம். இப்ப ரெண்டும் இல்லங்கே. நீ மாத்தி மாத்திச் சொல்லிட்டு உன் வீட்டுக்குப் போயிருதே. எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி மாறலையே. நாங்க எதத்தான் நம்ப?"

அக்காவிடம் பதில் இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்போது பின்னால் நின்ற அந்தப் பெண் முன்னால் வந்தாள்.

"என்னைய நம்ப வேண்டாம் சித்தி. நாளைக்குக் காலைல ஓடைக்கு வாங்க. நான் அங்க நிப்பேன். மண்ண அள்ளுற வரைக்கும் நிப்பேன்."

மறுநாள் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சீக்கிரமே பஸ் பிடித்துப் போய்விட்டேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடை இருந்த இடத்தில், கொட்டியிருந்த செம்மண் மேல், தனியாக. அக்கா போய்ப் பக்கத்தில் நின்றாள். பிறகு சுப்புத்தாய் பேரனோடு வந்தாள். சிரித்த வீடுகளிலிருந்தும் சில பெண்கள் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தார்களோ என்னவோ, வந்தவர்கள் போகவில்லை. கவுன்சிலர் கணவர் பைக்கில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்கு வா, பேசிக்கிடலாம்" என்றார்.

"நீங்க போங்க. மண்ண அள்ளுன பொறவு வாரேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வெயில் ஏறிய பிறகு பேரூராட்சி ஆட்கள் வந்தார்கள், பேச்சு நடந்தது, மதியத்துக்கு மேல் ஜேசிபி வந்தது. முழு ஓடையும் திரும்பவில்லை. பெரிய குழாய்களைப் பதித்து அதன் மேல் மண்டபத்து வண்டிகள் நிற்கிற மாதிரி ஒரு சமாதானம் ஆனது. அடுத்த மழையில் தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. அதன் பிறகு கூட்டங்களுக்கு அந்தப் பெண்ணே போனாள். நன்றாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. போனாள்.

அக்காவின் கணவர் ஓய்வுபெற்று வந்ததும், அவருடைய ஊரான தேவதானத்துக்கே போய்விடுவது என்று முடிவானது. அங்கே கடை போடப் போகிறோம், நீயும் வா என்றாள். எனக்கு அது தூரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு கடையில் சேர்ந்துகொண்டேன். இப்போதும் யாராவது படத்தின் அளவுக்காகச் சண்டை போடும்போது, அக்கா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைப்பேன். சில சமயம் அவள் செய்தது அதிகப்படி என்று தோன்றும். சுப்புத்தாய் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடமும் பதில் இல்லை. ஆனால் முதல் தடவை மன்னிப்புக் கேட்டதோடு அவள் நின்றிருந்தால், அந்தப் பெண் அந்த மண் மேல் வந்து நின்றிருப்பாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

சாமான் ஏற்றுகிற அன்று காலையில் அண்ணன் வந்தார். பேச்சு நின்ற பிறகு அவர் அந்தக் கடைப் பக்கம் வந்தது அன்றுதான். லாரியில் மெசினை ஏற்றி ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் டயரைக் காலால் தட்டினார். டிரைவரிடம் எந்த வழியாகப் போகிறாய் என்று கேட்டார். பிறகு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு அந்த ஓடை விசயத்துல..." என்று ஆரம்பித்தார்.

அக்கா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "சொல்லுங்கண்ணே."

அவர் லாரியைப் பார்த்தார்.

"கயித்த நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு. வழி பூரா பள்ளம், மெசின் ஆடும்."

"சரிண்ணே" என்றாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அக்கா ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் கையசைத்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. லாரி நகர்ந்து திருப்பத்துக்குப் போகும் வரைக்கும் ஜன்னலில் கையை ஊன்றித் திரும்பி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு போனாள், அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று.